ஒரு நுள்ளுச் சாம்பிராணி

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். லண்டன் எயார்போர்ட்டில் பயணிகளின் கைப்பைகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. தண்ணீர்ப் போத்தலைக்கூட உள்ளே விடக்கூடாது என்று புதிதாகச் சட்டம் வந்திருந்த காலம் அது. கனடாவில் இருக்கும் மகளுக்கென்று பொத்திப் பொத்திக் கொண்டுபோகிற அம்மாமாரின் ஊறுகாய்ப் போத்தல்களை எல்லாம் பறித்துத் தொட்டியில் போட்டிருக்கிறேன். எனக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்து வாய் நிறையத் திட்டுவார்கள். நானும் விளங்காதவன் போலவே நிற்பேன்.

வேலையில் கைப்பையைப் பார்ப்பதைவிடப் பையின் சொந்தக்காரரின் கையைப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். பை பொய் சொல்லும், கை சொல்லாது என்பார் எங்களுக்குப் பாடம் எடுத்த வெள்ளைக்காரர். ஷிப்ட் முடிந்து ஹவுன்ஸ்லோவில் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் எனக்கு மூடாது. மனைவி கடையால் வந்தால் பைக்குள் எட்டிப் பார்ப்பேன். "உங்களுக்கு வீட்டிலையும் ஷிப்டோ?" என்று கேட்டுவிட்டு அவள் தன் பாட்டில் போவாள்.

இப்படிப்பட்ட எனக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தி வேசம் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். எங்கள் நாட்டுக்கூத்துகளில் ராமரும் வரமாட்டார், பாண்டவரும் வரமாட்டார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்திதான் வருவார். பிரம்பு வளையம் வைத்து விரிந்த கரப்பு உடுப்பும் கண்ணாடி பதித்த முடியுமாக வந்து, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் பாடி, கடைசியில் வேதத்துக்காக உயிரைக் கொடுக்கிற ஒரு வேதசாட்சியை வெட்டச் சொல்லிக் கட்டளையிடுவார். லண்டனில் எங்கள் கரை ஆட்கள் சிலர் சேர்ந்து அப்படி ஒரு கூத்தை வெம்பிளியில் மேடையேற்றுவது என்று முடிவானது. விடிய விடிய ஆடுகிற கூத்து. மண்டபம் வாடகைக்கு விட்ட ஹோல்காரன் ஞாயிறு பின்னேரம் மூன்று மணித்தியாலம்தான் தருவேன் என்றான். எங்களுக்குக் கூத்துச் சொல்லித் தரும் அண்ணாவியார் பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்தவர். அவர் பாட்டுகளை வெட்டிக் குறைத்துப் பழக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பாட்டை வெட்டும்போதும் அவருக்கு முகம் கறுக்கும்.

கூத்தின் கதை சுருக்கமானது. சக்கரவர்த்திக்கு ஒரு படைத்தளபதி. தம்பி மாதிரி வைத்திருக்கிறார். அவன் களவாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று காதில் விழுகிறது. தேவர்களின் சிலைக்கு முன்னால் விரலால் கிள்ளி ஒரு நுள்ளுச் சாம்பிராணி போடு, போதும், உன்னை விட்டுவிடுகிறேன் என்கிறார். அவன் மாட்டேன் என்கிறான்.

அந்தத் தளபதி வேசம் என் நண்பனுக்கு. அவனும் நானும் பாரிஸில் ஒரே அறையில், ஒரே மெத்தையில், அவன் வேலைக்குப் போகும்போது நானும் நான் போகும்போது அவனுமாக மாறி மாறிப் படுத்து எழும்பியவர்கள். அவன் முதலில் லண்டனுக்கு வந்தான். வந்து என்னையும் கூப்பிட்டான். டைல்ஸ் பதிக்கிற வேலை, சொந்த வான், இன்னும் கலியாணம் இல்லை. என் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்தான். எனக்குச் சகோதரங்கள் ஆளுக்கொரு நாட்டில். இந்த ஊரில் மனைவியைத் தவிர எனக்கென்று ஒரு ஆள் இருந்தால் அது இவன்தான். இவனும் கையை விட்டுப் போய்விடுவானோ என்பதுதான் அந்த வருடம் முழுக்க எனக்கிருந்த பயம். சந்தேகம் எல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் பியர். சனிக்கிழமை ஒத்திகை முடிய என் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பியர் குடிப்பது வழக்கம். திடீரென்று வயிறு சரியில்லை என்றான். வயிறு மாதக்கணக்கில் சரியாகவில்லை. பிறகு பூசை. தமிழ்ப் பூசைக்கு வராமல் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றான். போன் எடுத்தால் ஞாயிறு காலையில் ஓஃப் பண்ணிக் கிடக்கும். டைல்ஸ் பதிக்கிறவன் எதற்குப் போனை ஓஃப் பண்ண வேண்டும்? பிறகு ஒரு நாள் வானில் ஏறினேன். முன்னால் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தைக் காணவில்லை. படம் இருந்த இடத்தில் பசை மட்டும் காய்ந்து போய்க் கிடந்தது.

"எங்கையடா அந்தோனியார்?"

"வெயிலுக்குக் கழண்டு விழுந்திட்டார்."

லண்டனில் அந்த வருடம் வெயில் என்று சொல்ல ஒன்றும் எறிக்கவில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் ஆள் உசாராகிவிடுவான். திரைக்கு முன்னால் இருக்கிறவனும் அப்படித்தான், முதலில் பேசாமல் பார்ப்பான்.

"அவனுக்கு ஆரோ பெட்டை இருக்கு. விடுங்கோ" என்றாள் மனைவி.

"பெட்டை எண்டால் என்னட்டைச் சொல்லியிருப்பான்."

"உங்களிட்டையோ? நீங்கள் அவளின்ரை பாஸ்போட்டைக் கேட்பியள்."

எனக்கு வேறு ஒரு எண்ணம். கிழக்கு லண்டன் பக்கம் இருக்கிற எங்கள் கரை ஆட்களும் ஒரு கூத்துப் போட யோசிக்கிறார்கள் என்று அண்ணாவியார் ஒரு முறை முணுமுணுத்திருந்தார். அங்கே ஒரு நல்ல குரல் இல்லை. இவனுக்கோ உச்சத்தில் பாடினால் ஹோல் கண்ணாடி அதிரும். இவனை அவர்கள் இழுக்கிறார்கள், அங்கே போய் ராசா வேசம் கட்டப் போகிறான் என்று என் மனம் சொன்னது. சொன்ன மனம் அதை நம்பியும் விட்டது.

அந்த நாட்களில் நான் ஹவுன்ஸ்லோ நூலகத்தில் என் சக்கரவர்த்தியைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்து வைத்திருந்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் பிற்பாட்டுக்காரர் ஆளுக்கொரு விதமாக அதைப் பாடியதில் எது சரி என்று எனக்கே இன்றும் சந்தேகம். பேரரசை ஒருவரால் ஆள ஏலாது என்று நான்காகப் பிரித்து ஆள் வைத்து ஆண்டவர், கடைசியில் தானாகவே முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோவா என்கிற முட்டைக்கோசு பயிரிடப் போனவர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாதாரண குடும்பத்துப் பிள்ளை, படையில் சேர்ந்து மேலே வந்தவர். வந்த பிறகு தன் முன்னால் எல்லோரும் மண்டியிட்டு அங்கியின் கரையை முத்தமிட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துப் போனது. கூத்தில் அவர் வெறும் கொடியவர். புத்தகத்தில் அவர் தூக்கம் கெட்ட மனிதர். பலியிட்டு ஈரல் பார்த்துக் குறி சொல்பவர்கள் ஒரு நாள், குறி விழவில்லை, உள்ளே யாரோ களவாகச் சிலுவை அடையாளம் போடுகிறான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அரண்மனையில் எல்லாக் கைகளையும் பார்க்கத் தொடங்கினார். அதன் பிறகு அரண்மனையில் இரண்டு முறை தீப்பிடித்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. பரிமாறுகிறவன், கதவு திறக்கிறவன், கடைசியில் தன் மனைவியும் மகளும்கூடப் பலியிட்டுக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டது. நான் அதை வாசித்துவிட்டு, பாவம் மனிதர் என்று நினைத்தேன். யாரை நம்புவது என்று தெரியாதவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. ஊர்களில் இருந்த அதிகாரிகள் சிலர், பலியிட மறுத்தவனின் கையைப் பிடித்து இழுத்துப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவன் ஒன்றும் போடாமலே, போட்டான் போட்டான் என்று கத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி வேலை செய்தால் பேரரசு எப்படி உருப்படும்? எங்கள் எயார்போர்ட்டில் செய்து பார்க்கட்டும், அன்றைக்கே கார்டைப் பறித்து வெளியே விட்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. மீன் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ஹவுன்ஸ்லோவில் இல்லாத மீனா என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள். கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கத்தில் அவன் வானைக் கண்டதாக வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். லண்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், தெருத் தெருவாகச் சுற்றிக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வானைக் கண்டுபிடித்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, இருக்கையில் பதிந்து உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூட ஹோலுக்குள் மேளம் மாதிரி அடி கேட்டது. மூடிய கார்க் கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது. தாளம், அதன்மேல் கூட்டமாகத் தமிழில் பாட்டு, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். சொல் ஒன்றும் விளங்கவில்லை. கூத்து ஒத்திகை இல்லாமல் வேறென்ன? மத்தளம் இல்லை, இங்கிலீஸ் டிரம். நல்ல அண்ணாவியார் இல்லாத கூட்டம் அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்தேன். திடீரென்று பாட்டு நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். கைதட்டு. சண்டைக் காட்சி பழகுகிறார்கள் போலும். முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது பலரது கையிலும் ஜிப் வைத்த கறுப்புப் புத்தகங்கள். பாட்டுக் கொப்பிகளுக்கு நல்ல உறை போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பொறாமை வேறு. அவன் எல்லோருக்கும் கை கொடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றான். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று நினைத்தேன். இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் காரைத் திருப்பிக்கொண்டு மீனும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு ஒத்திகையில் எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு குளிர். அவன் என் முகத்தைப் பார்க்கமாட்டான். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் கணக்குப் போட்டேன். "ராசா இப்பதான் உண்மையிலை சந்தேகப்படுறார். வடிவாயிருக்கு" என்று அண்ணாவியார் மெச்சினார்.

கூத்து நாளும் வந்தது. எங்கள் வழக்கப்படி வேசம் கட்டிய எல்லோரும் மேடையேற முன்னர் புனிதரின் சிலைக்கு, நாங்கள் சொல்கிற சுருவத்துக்கு, முன்னால் ஒவ்வொருவராகச் சாம்பிராணி போட்டுக் கும்பிட வேண்டும். போடாதவன் ஏறக்கூடாது. ஏறினால் ஆடுகிறவர்களுக்கு ஏதாவது நடக்கும் என்பது அண்ணாவியாரின் உறுதியான நம்பிக்கை. ஹோலுக்குள் மெழுகுதிரியும் கொளுத்தக்கூடாது, புகை மணி அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். ஆகவே பின்னால் கார் பார்க்கில் அண்ணாவியாரின் காரின் டிக்கியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, சுருவத்தை வைத்தோம். முன்னால் தணல் சட்டி. குளிர் காற்று கரப்பு உடுப்புக்குள்ளால் அடித்தது. பக்கத்தில் காரை எடுக்க வந்த குஜராத்திக் குடும்பம் ஒன்று, முடியும் வாளுமாக நின்ற எங்களைப் பார்த்துவிட்டு நின்றபடியே நின்றது.

ராசா முதல். நான் ஒரு நுள்ளு எடுத்துப் போட்டேன். புகை எழும்பியது. பிறகு மந்திரி, சேவகர், பிற்பாட்டுக்காரர். ஒவ்வொருவருக்கும் புகை எழும்பியது. கடைசியாக அவன். அண்ணாவியார் சாம்பிராணித் தட்டை நீட்டிப் பிடித்தபடி கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். நான் குனியவில்லை. நான் கையைப் பார்க்கப் பழகியவன்.

அவன் விரல்கள் தட்டுக்கு மேலே போயின, தூளைத் தொடவில்லை. தணலுக்கு மேலே வந்து விரிந்தன. புகை எழும்பவில்லை.

நிமிர்ந்தான். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

பியரும் அந்தோனியாரும் ஞாயிற்றுக்கிழமையும் கறுப்புப் புத்தகமும் அந்த ஒரு கணத்தில் எனக்கு விளங்கின. குட்மேய்ஸில் நான் கேட்டது கூத்து இல்லை. அவன் அல்லேலூயாச் சபையில் சேர்ந்துவிட்டான். அவர்களுக்குச் சுருவம் விக்கிரகம். அதற்குச் சாம்பிராணி போடுவது செய்யவே கூடாத பாவம். எங்கள் ஆட்களுக்கோ அந்தச் சபைக்குப் போனவன் மாறிவிட்டவன். கலியாண வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள், செத்த வீட்டிலும் தள்ளித்தான் நிற்பார்கள். வேதசாட்சி வேசத்துக்கு அப்படிப்பட்டவனை விட்டோம் என்று தெரிந்தால் அண்ணாவியார் அந்தக் கார் பார்க்கிலேயே கூத்தை நிறுத்துவார்.

அண்ணாவியார் கண்ணைத் திறந்து தணலைப் பார்த்தார். "என்ன, தணல் அவிஞ்சு போச்சோ? தம்பி, நீ போட்டனியோ?"

அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அந்தோனியார் வெயிலுக்கு விழுந்தார் என்றபோதே அது தெரிந்திருந்தது. இல்லை என்று சொல்லத்தான் போகிறான், அதோடு எல்லாம் முடியப் போகிறது.

நான் கரப்பு உடுப்பால் இரண்டு சேவகரைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய், தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளித் தணலில் எறிந்தேன். புகை குபீரென்று கிளம்பி எல்லோரும் இருமினோம்.

"போட்டவன் அண்ணாவியார், போட்டவன். நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். காத்துக்குப் பறந்திட்டுது."

"நீங்கள் ஒருக்காப் போட்டிட்டியள், ராசா."

"ராசாவுக்கு ரெண்டு தரம்."

அண்ணாவியார் இருமலுக்கிடையில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உள்ளே மத்தளம் தொடங்கிவிட்டதால் மேற்கொண்டு கேட்கவில்லை. போட்டான் போட்டான் என்று கத்திய அந்தப் புத்தகத்து அதிகாரிகளின் நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது. சம்பளத்துக்கு வேலை செய்யாதவர்கள் என்று நான் திட்டிய அதே ஆட்கள்.

மேடையில் சிம்மாசனத்தில் இருந்து நான் பாடினேன்:

ஒரு நுள்ளுச் சாம்பிராணி இட்டால் என்ன, தளபதியே,
உயிரோடு என்னருகே இருந்தால் என்ன, தளபதியே.

ஒத்திகையில் எத்தனையோ தரம் பாடிய வரி. அன்று பாடும்போது அது நான் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியாகவே இருந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்து, மாதக்கணக்கில் பாராத என் முகத்தை நேராகப் பார்த்துப் பாடினான்:

நுள்ளென்று சொல்லாதே, மன்னவனே, அந்த
நுள்ளுக்குள் நான் முழுதும் எரிவேன், மன்னவனே.

அவன் குரல் உச்சத்தில் போய் நின்றது. ஹோலில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த பாட்டு என்னுடையது, எனக்கு வரவில்லை. பிற்பாட்டுக்காரர் அதே அடியை மூன்று நான்கு தரம் திருப்பிப் பாடி எனக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில், கொண்டுபோய் வெட்டுங்கள் என்ற கட்டளையை நான் சொன்னது பக்கத்தில் நின்ற சேவகனுக்கே கேட்கவில்லை. நல்ல நடிப்பு என்று பிறகு பலர் வந்து கை கொடுத்தார்கள். நான் நடிக்கவில்லை, எனக்கு அழுகை வந்தது.

மனைவி உடுப்புப் பெட்டிகளோடு அண்ணாவியாரின் காரில் போனாள். நான் அவனோடு வானில் ஏறினேன். பூசிய முகத்தை இருவரும் சரியாகக் கழுவவில்லை. ஹேங்கர் லேனில் வாகனங்கள் நகராமல் நின்றன. பசை காய்ந்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கண்டனிதானே?" என்றான்.

"எதை?"

"புகை வரேல்லை."

"கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நான் ராசா. என்னை ஆர் கேக்கிறது."

அவன் சிரிக்கவில்லை. தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாகச் சொன்னான். கூத்தாடக்கூடாது என்று சபையில் சொன்னார்களாம். "உனக்கு ராசா வேசம் எண்டால் எவ்வளவு ஆசை எண்டு எனக்குத் தெரியும். நான் விட்டிட்டுப் போனால் கூத்தே நிண்டிடும். இந்த ஒருக்கா எண்டு கேட்டுத்தான் வந்தனான். இனி ஏலாது."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன, உன்னை வெட்டிப்போடுவனோ?"

"நீ ஃபாதரிட்டைச் சொல்லிப்போடுவாய் எண்டு பயந்தனான். அதோடை என்னோடை கதைக்கமாட்டாய் எண்டும்." வானைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிட்டுச் சொன்னான். "நீ குட்மேய்ஸுக்கு வந்தனி. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் காருக்குள்ளை குனிஞ்சு கொண்டிருந்தனி."

எனக்கு உடம்பு கூசியது. "கண்டனியோ?"

"ஜன்னலாலை கண்டனான். பிடிக்க வந்திட்டான், முடிஞ்சுது எண்டு நினைச்சன். பாட்டை விட்டிட்டன். பாஸ்டர் என்னெண்டு கேட்டார். வெளியிலை என்ரை அண்ணன் நிக்கிறான், உள்ளுக்கு வரமாட்டான், அவனை நான் இழந்துபோடக்கூடாது, அவனுக்காகச் செபியுங்கோ எண்டு சொன்னன். பேரைக் கேட்டார், சொன்னன். எல்லாரும் பாட்டை நிப்பாட்டிப்போட்டுச் செபிச்சவை."

பாட்டு திடீரென்று நின்றதும், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதும், கைதட்டியதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சண்டைக் காட்சி என்று நினைத்த இடம். அன்று நான் காரின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் அவர்கள் சொன்னது என் பெயர் என்று கேட்டிருக்கும்.